அப்பா சுட்ட ஈஸ்டர் சோமாஸ்

டக்... டக்... டக்...

பெரிய வெள்ளியன்று மாதா கோயில் மணி அடிக்காது. அதற்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டுவார்கள். திண்டிவனத்தில் எங்கள் தெரு வரைக்கும் அந்தச் சத்தம் வரும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பென்டிக்ஸ். சாயங்காலமே விழுப்புரத்தில் ஆபரேஷன்.

ஆட்டோவில் ஏறும்போதும் அவளுக்கு ஒரே கவலைதான்.

"ஞாயித்துக்கெழமைக்கு சோமாஸ் சுடணுமேடி..."

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் காபிக்குக்கூடச் சர்க்கரை போடாமல் இருந்தவள்.

ஆஸ்பத்திரியில் பெரியம்மா துணைக்கு இருந்தார். சனிக்கிழமை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அடுப்புப் பக்கம் போனதே இல்லை. அன்று அவரே மாவு பிசைந்தார். பொட்டுக்கடலை, தேங்காய், சர்க்கரை... பூரணம் வைத்து மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பங்சர் ஒட்றவனுக்கு இது ஒட்டத் தெரியாதா?"

எண்ணெயில் போட்டதும் பாதிக்கு மேல் வாய் பிளந்துகொண்டன. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு விடிகாலைப் பூசை முடிந்ததும் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் முழுக்க இளவெயில்... விழித்துக்கொண்டே கனவு காண்பது போல இருந்தது.

வார்டில் அம்மா கண் மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்த ஓர் அக்கா, கண்டாச்சிபுரத்துக்காரர்.

"இன்னா விசேஷம், புதுத்துணி போட்டுக்கினு வந்துகீற?"

"ஈஸ்டருங்க அக்கா. ஏசுசாமி செத்து மூணாம் நாளு உயிரோட எழுந்தாருங்க."

"வெள்ளிக்கெழம தான ஒங்கம்மாவுக்கு ஆபரேஷன்? இன்னியோட மூணு நாளு. அதுவும் எழுந்துக்கும் பாரு."

அம்மா கண்ணைத் திறந்தாள். கஞ்சி மட்டும்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் ஒரு சோமாஸை முகர்ந்து மட்டும் பார்த்தாள்.

"யாரு சுட்டது இத?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவர் தோளைப் பற்றி எழுந்து, ஜன்னல் வரைக்கும் மெல்ல நடந்தாள். சோமாஸ் பூராவும் அந்த அக்காவுக்குத்தான்.

இப்போது நான் சென்னையில். ஈஸ்டர் என்றால் பேக்கரியில் சாக்லேட் முட்டை, வாட்ஸ்அப்பில் வாழ்த்து. அப்பா போய் நாலு வருஷம்.

இந்த ஈஸ்டர் காலையில் அம்மாவுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"கல்லறைக்குப் போயிருந்தேன்டி... ஹேப்பி ஈஸ்டர்னு மொதல்ல ஒங்கப்பாகிட்ட தான சொல்லணும்."