அப்பா மழை கேட்ட ஞாயிறு

டாக்டர் மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது என் வலது கால் குச்சியாக இருந்தது. 2001 ஆகஸ்ட் மாதம். பயிற்சியில் விழுந்து கணுக்கால் முறிந்திருந்தது. நாட்டுக்காக ஸ்கேட்டிங் ஆடுகிறவர்களைக் கொழும்பில் தெரிவு செய்ய இரண்டு கிழமைதான், பதினாலே நாள், இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு யாரோ கொடுத்த பழைய சில்லுச் சப்பாத்தில், சக்கரம் வைத்த காலணியில், 1992-இல் ஏறினவள் நான். எல்லாம் முடிந்தது என்று அழுதேன்.

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தோம். அப்பா, அம்மா இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். நான் ஆடிப் பழகின பள்ளிக்கூட மண்டபத்துக்கு அப்போது கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை விட்டால் வழவழப்பான தரை, வெட்டின பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில்தான். அப்பா ஸ்டோர் ஐயாவிடம் போய்க் கேட்டார்.

"பால் வராத நாள்ல ஆடட்டும். வர்ற நாள்ல கேக்காதீங்க."

பால் வராத நாள் என்றால் மழை நாள். மரம் நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் சம்பளம் கிடையாது. அதனால் எங்கள் சபையில் காலை மழை வேண்டாமென்றுதான் ஞாயிறு தவறாமல் ஜெபிப்போம். நான் எந்த வாயால் மழை கேட்பேன்?

அந்த ஞாயிறு அப்பா எழுந்து நின்றார். சபையில் வாயே திறக்காத மனுஷன்.

"ஆண்டவரே, இந்த ஒரு கிழமைக்கு மழைய தாங்க. எம் புள்ள ஆடணும்."

எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு செல்லம்மா அக்கா, புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள், சத்தமாக "ஆமென்" என்றாள். அப்புறம் சபையே சொன்னது.

திங்கள் விடியும்போதே கூரைத் தகரத்தில் சடசடவென்று மழை! அந்தக் கிழமை முழுக்க விடவில்லை. வேலையில்லாத சனமெல்லாம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றது. விழுந்தேன், எழுந்தேன், திரும்ப விழுந்தேன். "அடியே, எங்க சம்பளத்துல ஆடுற, நல்லா சுத்து!" என்று செல்லம்மா அக்கா கத்துவாள். கிழமை முடியும்போது காலில் வலி இல்லை. அது கர்த்தர் செய்தது.

கொழும்பில் தெரிவானவர்களில் முதலாவதாக என் பேரைத்தான் கூப்பிட்டார்கள். ஏழு வருஷம் நாட்டுக்காக ஆடினேன். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் கொழும்பு என்று சொன்னதில்லை. ரப்பர் தோட்டம் என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

போன வருஷம் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். இன்றைக்கும் விடியற்காலையில் மழை பிடித்தால் லயத்தில் யாராவது, "இன்னைக்கு எங்கடி போட்டி?" என்று என் கதவைத் தட்டுகிறார்கள்.

பிரியமானவர்களே, கர்த்தரை நம்புங்கள். கேட்க வாய் வரவில்லையா? சும்மா சபைக்கு வந்து எங்களோடு உட்காருங்கள். ஆமென் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.