ஓமான் மலையில் கம்பத்து டிரைவர்

டிரைவர் வேலையில் வண்டி நிறைய ஆள் இருப்பார்கள், பேச்சுத்துணைக்குத்தான் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். வெளிநாட்டில் ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பத்தில் எஸ்டேட் ஜீப் ஓட்டிய நான், ஓமானில் சில வருஷம் சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிப்போனேன். புல் முளைக்காத மொட்டை மலை. அது பிளந்து கிடக்கும் இடுக்குகளின் அடியில் அங்கங்கே பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும்.

போட்டோ

ஜப்பானிலிருந்து தனியாக ஒரு அம்மா வந்திருந்தார். வழியெல்லாம் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தார். தண்ணீர்க்கரைக்கு வந்ததும் என்னைப் பாறைமேல் நிற்கச் சொன்னார். நான் எதற்கு என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். எடுத்ததையெல்லாம் தள்ளித் தள்ளிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துலயும் கல்லுதான் இருக்கு. ஒண்ணுலயாவது ஒரு மனுஷன் இருக்கட்டும்."

டவர்

மேலே எங்கோ பெய்த மழைக்கு இடுக்கில் வெள்ளம் வந்து பாதையை அறுத்துவிட்டது. ஏற்றிப்போன குடும்பத்தோடு, போனுக்கு டவர் கிடைக்காத மேட்டிலேயே இரண்டு நாள் கிடந்தோம். அவர்கள் ஒரு கூடாரத்துக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்குள் படுத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்து, சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் அடித்தேன். மகளுக்குக் காய்ச்சல் முற்றி, தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்று காலையில்தான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். என் மனைவி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அடிச்சு அடிச்சுப் பாத்தேன், கெடைக்கல. அதான் சரியாப் போச்சுல்ல, நீங்க போய்ச் சாப்புடுங்க" என்றாள்.

அந்த சீசன் முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திராட்சை

இப்போது பழையபடி கம்பத்தில் ஜீப். இனிமேல் போகமாட்டேன் என்று வீட்டில் பலமுறை சொல்லியாகிவிட்டது. போன வாரம் பன்னீர் திராட்சை வாங்கிப்போனேன். மகள் கழுவி, விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கான் தட்டில் வைத்து, எனக்கு மட்டும் கொண்டுவந்து நீட்டினாள். நீயும் எடு ஆத்தா என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"நீங்க சாப்புடுங்க அத்தா. திரும்ப அங்கன போயிட்டா ஒங்களுக்கு இது கெடைக்காதுல்ல."

அந்த மலையில் வண்டி ஓட்ட ஒரே மாசத்தில் பழகிவிட்டேன், வீட்டில் இருக்கத்தான் இன்னும் எல் போர்டு.