மூட்டத்தில் முடியாத முறை

பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு டிவியில் காவிரிச் செய்தி ஓடுகிறது. விரலில் ஏறிய வாசனை என்னை மலைமேல் இருக்கும் போளூருக்கு, எங்கள் பூண்டுக்காட்டுக்கு இழுத்துப்போகிறது.

ஒரே ஓடைத் தண்ணீர்தான். மேல்காடு எங்களுடையது, கீழ்காடு செல்லம்மா அத்தையுடையது. வெயில் எதிர்மலையில் இறங்கினால் தண்ணீர் முறை கீழ்காட்டுக்கு மாறும். மடையைத் திருப்பிவிட வேண்டும். 2007இல் ஒருமுறை மழையில்லாத வெறும் பனிமூட்டம் நாட்கணக்கில் நின்றது. அப்பா மடையைத் திருப்பவே இல்லை. "வெயிலே எறங்கலையே, எம் மொற எப்பிடி முடியும்?" என்றார்.

அப்போது எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. சண்டையானாலும் சாயங்காலம் அத்தை வந்து உட்கார்ந்துவிடுவார். அன்று கர்நாடகம் நமக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்ற தீர்ப்பைக் காட்டினார்கள். அப்பா கொதித்தார்: "மேல இருக்கோம்கிற திமிரு! கீழ பயிரு காயிறது அவங்களுக்குத் தெரியலையா?"

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாக் கேளுங்கண்ணே. எம் பூண்டும் காஞ்சுதான் கெடக்கு."

அப்பா மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மூட்டத்துக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழ்காட்டில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

இப்போது அவருக்குப் போன் போட்டு, காவிரிச் சண்டை இன்னும் ஓயவில்லை என்றேன்.

"எப்பிடி ஓயும்? ஆளுக்கொரு டிவி வச்சுல்ல பாக்கிறாங்க," என்றார்.