கடுங்காப்பி பாய்

தொண்ணூறுகளின் கடைசியில், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கபடி இறுதிப் போட்டி. எங்கள் அணியில் பாடிப் போகிறவன் காலைச் சுளுக்கிக்கொண்டான். அவனுக்குப் பதிலாக லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு, குறுந்தாடி. எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம்.

நாங்கள் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க, அவர் பிளாஸ்கைத் திறந்து சர்க்கரை போடாத கடுங்காப்பியை ஊற்றினார்.

"என்ன பாய், ஆட்டத்துக்கு முன்னாடி காப்பியா?" என்றேன்.

"அங்க வேலையில பழகினதுங்க. அரை மணி நேரத்துல ஒடம்பு மொத்தமும் முழிச்சுக்கும். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

நான் ஒரு டம்ளரையே காலி செய்தேன். களத்தில் இறங்கியபோது நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, காது சூடேறியது. விசில் ஊதுவதற்கு முன்பே எதிரணிக்குள் பாய்ந்துவிட்டேன். கூட்டமே சிரித்தது.

"ஒரு வாய்னுதானங்க சொன்னேன்!" என்றார் பாய்.

ஆட்டம் சமநிலைக்கு வந்தது. கடைசியாகப் பாடிப் போனார் அவர். மூன்று பேர் இடுப்பையும் காலையும் கவ்விக்கொண்டார்கள். மண்ணில் விழுந்தவர் மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடியபடியே மூவரையும் இழுத்து வந்து, விரல் நுனியால் கோட்டைத் தொட்டுவிட்டார்! தோளில் தூக்கிக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

இறக்கிவிட்டதும், நகரத் தொடங்கிய பஸ்ஸைத் துரத்திப்போய்ப் படியில் தாவி ஏறிக் கையசைத்தார். என்னால் நிற்கக்கூட முடியவில்லை. என்னைத் தள்ளாட வைத்த அதே காப்பி அவரை எப்படிப் பறக்க வைத்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.