குறட்டை நின்ற வீடு

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்கலாம். ஆனால் முதல் பாடவேளையிலேயே வாயைப் பொத்திக்கொள்கிறவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? "ராத்திரி முழுக்க போன்லயா?" என்று கேட்டால் "ஆமா" என்று சிரித்து வைப்பாள். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை அவள் கண் விழித்தபோது வீட்டில் யாருமே இல்லை. வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. அப்பாவின் செருப்பு இருந்தது, அப்பா இல்லை. உள்ளறையில் போர்வை தரையில் கிடந்தது. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கை சலித்த பிறகு மேல்மாடிக்காரர் சாவியோடு வந்து கதவைத் திறந்தார்.

"பயப்படாதம்மா. அப்பாவுக்கு நெஞ்சு வலி. நடுராத்திரி ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போயிட்டோம், இப்ப பரவாயில்ல. ஸ்ட்ரெச்சர் உன் கட்டில ஒட்டித்தான் போச்சு. நீ அசையக்கூட இல்ல, அப்படி ஒரு தூக்கம்!"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

அப்பா பிழைத்து வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை, கம்பெனியில் ஏறி இறங்காத வேலையாகக் கொடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். தலையணையை உயர்த்திச் சாய்ந்து படுக்க வேண்டும், மனதுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். சாய்ந்து படுத்ததில் அவருடைய குறட்டை நின்றுபோனது. ஒரு காலத்தில் கட்டடத்துக்கே தெரிந்த குறட்டை அது. "உங்க வீட்ல ராத்திரி மிஷின் ஏதாவது ஓடுதா?" என்று கீழ்வீட்டு அம்மாள் கேலி செய்ததுண்டு. அவளும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திட்டியிருக்கிறாள். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் வீடு செத்துக் கிடந்தது.

விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடும். கூடத்துக் கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். ஃபிரிட்ஜ் உறுமி ஓயும். அது ஓய்ந்ததும் வரும் அமைதியில் அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே கேட்கும். எழுந்து, பூனை மாதிரி நடந்து, அறைக் கதவில் காதை வைப்பாள். ஒன்றும் கேட்காது. கதவை விரலளவு தள்ளி, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். ஏறும், இறங்கும். திரும்பி வந்து படுத்தால், அது அப்போது, இப்போது எப்படியோ என்று தோன்றும். மறுபடி எழுந்திருப்பாள்.

எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னலில் மட்டும் வெகுநேரம் வெளிச்சம் இருக்கும். யாரென்று தெரியாது. அந்த வெளிச்சம் எரியும்வரை ஊரில் தனக்கு ஒரு துணை இருப்பதுபோல இருக்கும். அதுவும் அணைந்தபின் உலகத்தில் அவள் ஒருத்திதான் விழித்திருப்பாள்.

யாரிடம் சொல்வது? அப்பாவுக்குக் கவலை கூடாது. அம்மா ஆல்டரேஷன் கடையில் பகலெல்லாம் குனிந்து தைத்துவிட்டு வந்து, படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவாள். பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதைப் பார்த்து, போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதனால் ஒன்றும் மாறவில்லை. நேரம் தெரியாமல் இரவு இன்னும் நீண்டது, அவ்வளவுதான்.

பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதுதான் குட்டு உடைந்தது. இரண்டாவது கேள்வியிலேயே பேனா நழுவ, விடைத்தாளில் தலை சாய்த்துவிட்டாள். கணக்கு டீச்சர் வந்து தோளைத் தொட்டார். அவள் திடுக்கிட்டு எழுந்து, வகுப்பே கேட்க, "அப்பா இருக்காரா?" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அம்மாவைப் போனில் அழைத்தார்.

கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள் அம்மா. பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். பஸ்கள் வந்தன, போயின.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"அன்னிக்கு ஏம்மா என்ன எழுப்பல?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நல்லாத் தூங்கிட்டிருந்தே. எழுப்பிப் பயமுறுத்த வேணாம்னு நெனச்சேன்டி."

"அப்பா செத்துருந்தா? நான் தூங்கிட்டே இருந்திருப்பேன்ல?"

அம்மா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இனிமே என்னன்னாலும் மொதல்ல உன்னத்தான் எழுப்புவேன். போதுமா?"

அவள் தலையசைத்தாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று கெஞ்சினாள். அம்மா கேட்கவில்லை, அன்று மாலையே சொல்லிவிட்டாள்.

அப்பா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். "நீ கதவுகிட்ட வந்து நிப்பே. எனக்கும் தூக்கம் வர்றதில்லம்மா, கண்ண மூடவே பயம். பொரண்டா நீ பயந்துருவேன்னு மூச்சக்கூட மெதுவா விட்டுட்டுக் கட்ட மாதிரி கெடப்பேன்."

"அய்யோ அப்பா! நீங்க கட்ட மாதிரி கெடந்ததுலதான் எனக்கு உசுரே போச்சு!"

அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நல்ல அப்பா, நல்ல பொண்ணு. நடுவுல நான் ஒருத்தி தூங்கிட்டு இருந்திருக்கேன் பாரு."

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. மருத்துவமனையில் மனநலம் பார்க்கும் ஓர் இளம்பெண் டாக்டர் வாராவாரம் அவளோடு பேசினார். பயம் வரும்போது எழுந்து போகாமல் படுக்கையிலேயே கொஞ்சம் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' முதலில் மலையாக இருந்தது. அந்த வருடம் வகுப்பு முழுவதும் மூன்று நாள் சுற்றுலா போனபோது அவள் போகவில்லை. வெளியூரில் படுத்தால் யார் மூச்சைக் கேட்பது? யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை.

கோடை விடுமுறைக்குள் தூக்கம் திரும்ப வந்தது, ஆனால் துண்டு துண்டாக. இடையில் விழிப்பு வரும். உள்ளறையில் அப்பா புரளும் சத்தம் கேட்கும். அவரும் விழித்திருக்கிறார் என்று தெரியும். அவள் கூப்பிடமாட்டாள், அவரும் கூப்பிடமாட்டார். கூடத்தில் ஒருத்தி, அறையில் ஒருவர், அவரவர் பயத்தோடு படுத்திருப்பார்கள். சில இரவுகளில் அவர் முந்திக்கொள்வார், சில இரவுகளில் அவள் முதலில் தூங்கிப்போவாள்.