சொந்தம் இல்லை என்று நான் சொன்ன என் தங்கை

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், என் தங்கை எனக்குச் சொந்தம் இல்லை என்று சொன்னேன். தங்கை அப்போது காபித் தட்டுடன் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் எழுதும்படி தங்கையின் மகள் கேட்டபோது, எனக்கு அந்தத் தகுதி உண்டா என்றேன். "அதையும் சேத்து எழுதுங்க மாமா. அதை விட்டுட்டு எழுதறதா இருந்தா வேணாம்" என்றாள். ஆகவே அதை முதலில் எழுதிவிட்டேன்.

தங்கை கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியில் பிறந்தவர். எங்கள் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தார். அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர். சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீடுகளின் வரிசையை இங்கே லைன் என்போம். அதில் ஓர் அறை வீடு எங்களுடையது. அப்பா என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். தங்கையைப் பி.யூ.சி.யோடு நிறுத்திவிட்டார். தட்டச்சையும் கணக்குப் பதிவையும் தங்கை தாமாகவே கற்றுக்கொண்டார்.

அவருக்கு வாய்த்த கணவரும் சுரங்கத் தொழிலாளிதான். சுரங்கம் மூடப்பட்டபோது மைத்துனருக்கு வேலை போயிற்று. கல்தூசி அதற்கு முன்பே அவருடைய நுரையீரலில் ஏறியிருந்தது. தங்கை பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். விடியுமுன் கோரமண்டல் நிலையத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு.

சம்பளம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. மகளின் படிப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் ரயிலில் உடன் வந்த ஒரு பெண், நாளைக்குக் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத்தர ஆளில்லை என்று புலம்பினார். "இப்படிக் குடுங்க. பெங்களூரு போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று தங்கை வாங்கிக்கொண்டார். புடவையின் கீழ் ஓரத்தில் உட்பக்கமாக வைக்கும் அந்தப் பட்டைத் துணிக்குக் கைத்தையல்தான் அழகு. தையல் வெளியே தெரியக் கூடாது. அன்று தங்கை வைத்தது தெரியவில்லை. அடுத்த வாரமே பல புடவைகள் அவர் மடிக்கு வந்தன.

அவர் வேலை செய்த விதம் தனி. வண்டி ஓடும்போது நேராகப் போகும் ஓரத்தைத் தைப்பார். சரிகையும் மூலையும் வந்தால் ஊசியை நிறுத்திக் காத்திருப்பார். எதிர் ரயிலுக்கு வழிவிட வண்டி நின்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்ளும்போது, தங்கை மட்டும் "நல்லதாப் போச்சு" என்று சரிகையை எடுப்பார். பெங்களூர் வந்ததும் ஊசிப்பெட்டி மூடிவிடும். அலுவலகத்தில் அது திறந்ததே இல்லை. மேலாளரே தம் மனைவியின் புடவையைக் கொண்டுவந்து, இங்கேயே வைத்துக் கொடுங்களேன் என்றாராம். "இங்க உக்காந்தா உங்க வேலை சார். ரயில்ல உக்காந்தாத்தான் என் வேலை" என்று சொல்லிப் புடவையை மாலை ரயிலுக்கு எடுத்துச் சென்றார்.

வீட்டில் மைத்துனர் இருமலுக்கு நடுவே நூலை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பார். ரயில்பெட்டியில் உடன் வந்த வேறு சில பெண்களும் தங்கையிடம் கற்றுக்கொண்டு சேர்ந்து தைத்தார்கள். தொழில் இவ்வளவு வளர்ந்த பிறகு கம்பெனி வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தங்கை சொன்ன பதில்: "அது அடுப்பை எரிய வைக்குது. இது பொண்ணப் படிக்க வைக்குது. எதை விடச் சொல்ற?" இரண்டையும் விடவில்லை. மகள் பொறியாளர் ஆனாள்.

நானும் அதே ரயிலில்தான் பெங்களூருக்குப் போய்வந்தேன். மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. பங்காரப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டு லைனை விட்டுப் போயிருந்தேன். தங்கை ஏறும் பெட்டியில் நான் ஏறுவதில்லை. "அந்த ஃபால்ஸ் அம்மா" என்று உடன் வருபவர்கள் பேசினால் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

பெண் பார்க்க வந்த அன்று தங்கை காலையிலேயே வந்து என் மனைவியோடு சமையலில் இருந்தார். தட்டோடு அவர் வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "இந்தம்மாவ ரயில்ல பாத்திருக்கேனே. ஃபால்ஸ் வைப்பாங்க இல்ல? உங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

"சொந்தம்லாம் இல்லீங்க. பழைய லைன்ல இருந்தவங்க. ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்றேன்.

தங்கை அவரிடம் தட்டை நீட்டி, "எடுத்துக்கோங்க சார்" என்றார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீங்களும் எடுத்துக்கோங்க சார்."

எங்கள் வழக்கத்தில் தாலியின் முடிச்சை மாப்பிள்ளையின் சகோதரி போடுவார். வந்தவர்கள் போன பின் என் மனைவி கேட்டார்: "என் கழுத்துல நாத்தனார் முடிச்சு போட்டவங்க அவங்க. அவங்களே சொந்தம் இல்லன்னா நான் இந்த வீட்ல இன்னா? ஒத்தாசைக்கு வந்தவளா?"

மகளின் திருமணத்துக்குத் தங்கை வந்தார். லைன் பெண்களோடு வந்து, அவர்களோடு சேர்ந்து வாங்கிய பித்தளைக் குடத்தில் 'ஸ்கெலட்டன் லைன் மக்கள்' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தார். மணப்பெண்ணின் அத்தை மேடைக்கு வர வேண்டும் என்று நான் போய்க் கூப்பிட்டேன். "நாங்க லைன்காரங்க சார். இங்கயே உக்காந்துக்கறோம்" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. மைத்துனர் காலமான அன்று நான் போனபோதும் "வாங்க சார்" என்றுதான் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு சம்பந்தியின் வீட்டுக்குப் போய், அன்று பொய் சொன்னேன், அவர் என் உடன்பிறந்த தங்கை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சம்பந்தி வியப்படையவில்லை.

"அது எங்களுக்கு நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும் சம்பந்தி. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. எங்க வீட்டம்மா புடவையெல்லாம் அவங்க கை பட்டதுதான். நீங்க இன்னாத்துக்கு மறைச்சீங்கன்னுதான் இத்தினி வருஷமாப் புரியல."

மறுநாள் தங்கையின் பெட்டியில் ஏறி நடந்ததைச் சொன்னேன். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாருக்குத் தெரியாதத யாருகிட்டப் போய்ச் சொன்னீங்க சார்?" என்றார்.

இருந்தாலும் இறங்கிப் போகவில்லை. மீண்டும் சீசன் பயணச்சீட்டு எடுத்தேன். காலையில் தங்கையோடு பெங்களூர் போய், பகலெல்லாம் நூலகத்தில் இருந்துவிட்டு, மாலையில் அவரோடு திரும்புவேன். "ஆபீஸே இல்லாம ஆபீஸ் போறவரு இவரு ஒருத்தர்தான்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லுவார். முதலில் பையைத் தூக்கினேன். பிறகு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். தைக்கவும் கேட்டபோது, தங்கை தம்முடைய பழைய நூல் புடவை ஒன்றைக் கொடுத்தார்.

"இன்னா சார் இது? தையலா, தண்டவாளமா?" என்று பெட்டியே கேட்கும்படி சொல்லிப் பிரித்துப் போட்டார். அதே புடவைக்கு நான் மறுபடி மறுபடி ஃபால்ஸ் வைத்தேன். வாடிக்கையாளர் புடவையை என் கையில் அவர் கடைசிவரை கொடுத்ததில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. தங்கை வேலையை விட்டார். கையிலிருந்த புடவைகளை உடன் தைக்கும் பெண்களிடம் பிரித்துக் கொடுத்தார். நானும் என் மனைவியும் அவர் வீட்டிலேயே தங்கினோம். ஒரு மதியம், கஞ்சி கொடுத்த பின் கேட்டார்: "எனக்குக் கோடி யாரு கொண்டாரப் போறாங்க?"

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும்.

"நீ சொன்னா கொண்டு வர்றேன்" என்றேன்.

"நீதான் கொண்டாரணும். வேற யாரு கீறாங்க எனக்கு? மொட்டப் புடவையாக் கொண்டாந்துடாத. ஃபால்ஸ் வெச்சுக் கொண்டா. கடையில குடுக்காத, உன் கையால வை."

"சரிம்மா."

"அப்புறம்னு இருக்காத, இப்பவே வாங்கியா. நான் போனப்புறம் கோணலா வெச்சீன்னா யாரு பிரிக்கறது?"

உயிரோடு இருப்பவருக்குக் கோடி வாங்கியதற்கு உறவினர் சிலர் என்னைக் கடிந்தார்கள். வாங்கிய புடவை மாம்பழ நிறம். அவர் சொன்ன நிறம். கட்டிலருகே உட்கார்ந்து தைத்தேன். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பிரி" என்பார். பிரிப்பேன். சில நாட்களில் விரலைத் தூக்கவும் முடியாமல் போயிற்று. மீதி ஓரத்தை நானாகத்தான் தைத்தேன். முடித்த வாரத்தில் தங்கை காலமானார்.

அந்த நாட்களில் முறைபோட்டு வந்து பார்த்துக்கொண்ட லைன் மக்களுக்கும், மருத்துவமனைக்கு அழைத்துப் போக வண்டி கொடுத்த சம்பந்தி குடும்பத்தாருக்கும், எழுத எனக்கு இடம் கொடுத்த தங்கையின் மகளுக்கும் நன்றி. முக்கியமாக, தங்கை காலமான அன்று வேலைக்கு விடுப்புப் போட்டு வந்த ரயில்பெட்டிப் பெண்களுக்கு. நான் கோடியை விரித்தபோது, அவர்களில் மூத்தவர் ஓரத்தைத் திருப்பி, தையல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது வரிக்கும் அவங்க பாத்திருக்காங்க. இதுக்கப்புறம் பாக்கல. இல்லீங்களா?"

"ஆமாம்" என்றேன். "பிரிச்சிடவா?"

"வேணாங்க. அப்படியே போத்துங்க" என்றார். போர்த்தினேன்.