தனசேகர் அண்ணன் பாடிய கம்பெனி பஸ்

ஹைதராபாத்துக்கு வெளியே, பட்டான்செருவைத் தாண்டும்வரை பஸ்ஸுக்குள் சால்வென்ட் வாசனைதான். வேலை முடிந்து முகம் கை கால் கழுவிவிட்டு ஏறினாலும் தலைமுடியில், டிபன் பாக்ஸ் பையில் அது ஒட்டிக்கொண்டே வரும்...

மூன்றாவது சீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து தனசேகர் அண்ணன் பாட ஆரம்பித்தால் அது மறந்துபோகும்.

அப்போதுதான் எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தேன். மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கிற சின்ன கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட். தங்கியது செகந்திராபாத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அண்ணன் அங்கே ரியாக்டர் ஆபரேட்டர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம்.

பழைய இந்திப் படப் பாட்டுகள்தான் பாடுவார். அதிலும் ஒரே ஒரு பாடகர். கறுப்பு வெள்ளைக் காலத்துக் குரல். பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அந்தப் பாடகர் குரலை உயர்த்தாமலே பாடுவார், வரி முடிகிற இடத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும் என்றால் பிரியமானவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நடுக்கத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"அவரு அழமாட்டாரும்மா. அழுகைய தொண்டையிலயே புடிச்சு நிறுத்திட்டு பாடுவாரு. அழறது நம்ம வேல" என்றார்.

சுல்தான் பஜாரில் கேசட் வாங்கி ஹாஸ்டலில் கேட்க ஆரம்பித்தேன். அர்த்தம் புரியாது. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆளிடம் பேசுவதுபோல அவர் பாடுவது புரிந்தது. புது ஊரில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை...

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

லேப் வேலையோடு இன்னொரு வேலையும் என் தலையில் இருந்தது. மாதம் ஒருமுறை கேஸ் மாஸ்க் பெட்டிகளைத் திறந்து, ஃபில்டரின் தேதி பார்த்து, பெட்டியில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடவேண்டும். முதல் சில மாதங்கள் திறந்து பார்த்தேன். அப்புறம் கையெழுத்து மட்டும்.

ஒரு காலையில், டீ வருவதற்குச் சற்று முன்னால், பைப் ஜாயின்ட் ஒன்று விட்டுப்போய் ஆசிட் புகை கிளம்பியது. மேல் பிளாட்பாரத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். அந்த இரண்டு பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். அவரும் நடந்துதான் வெளியே வந்தார். வந்து, படியில் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றினார். மூச்சு விட முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த ஃபில்டர் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டார். டைப் செய்த ஒரு பக்கத்தை நீட்டினார். ஆபரேட்டர் மாஸ்க் அணியாமல் உள்ளே சென்றார் என்று இருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் பெயர். எனக்கு எதிர்காலம் இருக்கிறது, வீட்டில் என்னை நம்பி இருக்கிறார்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மிரட்டவில்லை. மிரட்டினார் என்று சொல்ல எனக்கு ஆசைதான்...

கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய பிறகு, போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். மூன்று வயசு மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் குரல் போயிருந்தது. காற்று மட்டும் வந்தது, பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்.

என்னிடமிருந்த கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டேன். ஒரு சரணம்கூட முடியவில்லை. கையை அசைத்தார்.

"நக்கோம்மா... வேணாம், நிறுத்திடு. அவரு பாடும்போது மனசுக்குள்ள நானும் கூடவே பாடுவேன். இப்ப அதுவும் வரல."

அண்ணி உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டது, அப்புறம் அந்தப் பேப்பர், இரண்டையும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். அட்டையில உன் கையெழுத்த பாத்துட்டுதான் நம்பி மாட்டினேன்."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"போயிட்டு வாம்மா. பஸ்ஸு போயிடும்."

நான்கு வருஷம் கழித்து, நுரையீரல் முழுதாகக் கெட்டு, இறந்துபோனார். அதற்குள் நான் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

இப்போது ஒரு பெரிய கம்பெனியில் சேஃப்டி பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பெட்டிகளை நானே திறந்து பார்க்கிறேன். கீழே இருப்பவர்களுக்கு எரிச்சல். இதனால் எதுவும் நேராகிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம், நடந்ததை எல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு, அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மாஸ்க் போட்டிருந்தார், பொய் சொன்னது நான் என்று. அந்தக் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது. மகள் இப்போது ஐ.டி.யில் இருக்கிறாள். நான் தமிழில் பேசினேன், அவள் இந்தியில் பதில் சொன்னாள்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தாள். அப்பா நன்றாகப் பாடுவார் என்று அம்மா சொல்வார், நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்றாள். கேட்டிருக்கிறேன் என்றேன். எங்காவது ரெக்கார்டிங் இருக்குமா என்றாள். அவளுக்கு ஞாபகமிருப்பது அந்தக் காற்றுச் சத்தம் மட்டும்தானாம்.

இன்று என் ஆபீஸ் பஸ்ஸில் யார் என்ன செய்தாலும் பத்து போன்கள் அதைப் படம் பிடிக்கின்றன. அந்தப் பாடகரின் பாட்டு அத்தனையும் என் கைக்குள்ளேயே இருக்கிறது, வேண்டும்போது கேட்கலாம்.

தனசேகர் அண்ணனை நாற்பது பேர், இரண்டு வருஷம், தினமும் கேட்டோம்...

இல்லைம்மா, யாரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.